கால்மிதிக் குழாயை இரண்டு முறை கட்டினோம்

திங்கட்கிழமை காலை வண்டியை நிறுத்துவதற்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓடி வந்தாள். "டீச்சர், நம்ம குழாய் படுத்துருச்சு."

கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். நட்டுவைத்த சவுக்குக் கம்பு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. குறுக்குக் கம்பு தனியாகக் கழன்று விழுந்திருந்தது. கேன் சேற்றில் கவிழ்ந்திருந்தது. சோப்பைக் காணோம். முந்தைய இரவெல்லாம் மழை. காவிரிப் பாசனப் பகுதிக் களிமண் வெயிலில் கல்லாக இருக்கும், நாலு மழை பெய்துவிட்டால் கால் வைத்த இடமெல்லாம் வழுக்கும். அது தெரிந்தும் ஒரு சாண் ஆழத்தில் கம்பு நட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

அதைக் கட்டியது எங்கள் பள்ளியின் சாரணியர் கம்பெனி, அதாவது சாரணியர் குழு. நான்கு அணிகள், 28 பிள்ளைகள். தாமரை, மல்லிகை, செம்பருத்தி, தும்பை என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவி, அவளுக்கு ஒரு துணைத் தலைவி. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கூடுவோம். இந்த வருஷம் ஜூலையில் ஒரு வேலையை ஆரம்பித்தோம்: காலால் மிதித்தால் தண்ணீர் ஊற்றும், கை படாத கைகழுவும் குழாய். அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாள். 2008 முதல் அதைக் கொண்டாடுகிறார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு.

அமைப்பு எளிது. இரண்டு நெட்டுக் கம்பு, நடுவே ஒரு குறுக்குக் கம்பு. அதில் 5 லிட்டர் எண்ணெய் கேனை அதன் கைப்பிடி வழியாகத் தொங்கவிட வேண்டும். கேனின் கழுத்திலிருந்து ஒரு கயிறு கீழே இறங்கித் தரைக்குச் சற்று மேலே நிற்கும் ஒரு குச்சியின் நுனியில் கட்டப்பட்டிருக்கும். குச்சியை மிதித்தால் கயிறு இழுக்கும், கேன் தலை சாயும், பக்கத்தில் போட்ட துளை வழியாகத் தண்ணீர் வரும். காலை எடுத்தால் கேன் நிமிர்ந்துவிடும். குழாயைத் திருகிவிட்டுப் போகிற வேலை கிடையாது. கழுவின கையால் அழுக்குத் திருகைத் தொடுகிற வேலையும் இல்லை.

எளிது என்று நினைத்ததில்தான் எல்லாம் இருந்தது. முதலில் எங்கே வைப்பது என்பதற்கே இரண்டு சனிக்கிழமை போயிற்று.

எனக்கு அது கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வேண்டும் என்று ஆசை. வருகிறவர் போகிறவர் கண்ணில் படும், 15ஆம் தேதி படம் எடுத்தால் நன்றாக வரும். சாரணியர் முறையில் அணித் தலைவிகள் கூடி முடிவெடுக்கும் ஒரு சபை உண்டு. கோர்ட் ஆஃப் ஆனர் என்பார்கள். ஆசிரியை அதில் உட்காரலாம், யோசனை சொல்லலாம், முடிவு பிள்ளைகளுடையது. நான்கு தலைவிகளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கொடிக்கம்பம் என்று நான் சொன்னேன். மூன்று பேர் தலையாட்டிவிட்டார்கள். தும்பை அணித் தலைவி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். "அணியில பேசிட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வந்து சொன்னாள். அவள் அணியில் எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறாள். ஆறு பேர் கழிப்பறைக்குப் பின்னால் என்றார்களாம். அங்கே தண்ணீர் இல்லை. மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்றிவிட்டுக் கை கழுவ, மைதானத்தைத் தாண்டி, மதியச் சாப்பாட்டு வரிசை நிற்கிற குழாய்க்கு வர வேண்டும். அதற்குப் பயந்தே சில பிள்ளைகள் மாற்றாமல் சாயங்காலம் வரை இருந்துவிடுகிறார்கள். ஏழாம் வகுப்பில் இரண்டு பேர் அந்த நாட்களில் பள்ளிக்கே வருவதில்லை. "கொடிக்கம்பத்துகிட்ட வெச்சா எல்லாரும் பாப்பாங்க டீச்சர். ஆனா கை கழுவ யாரும் வர மாட்டாங்க."

பதினோரு வருஷமாக அந்தப் பள்ளியில் இருக்கிறேன். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இருந்ததற்கு வருத்தப்பட்டேன், இன்னும் படுகிறேன். அன்றைக்கு வாக்கெடுப்பு நடந்தது. நான்குக்கு நான்கு, கழிப்பறைப் பக்கம். தலைமையாசிரியரிடம் போய்ப் பேசியதும் அவர்கள்தான். நான் வாசலில் நின்றேன். உள்ளே தும்பைத் தலைவியின் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நேரானது.

அணிமுறையைப் பற்றி எவ்வளவோ பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை எட்டுப் பேரை ஒவ்வொருத்தியாகப் போய்க் கேட்டாளே, அதுதான் அணிமுறை. கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் ஒரு கையும் எழுந்திருக்காது.

இனி கட்டிய கதை.

கேனில் ஆரம்பித்தோம். ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து கடலை எண்ணெய் கேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சுடுதண்ணீரும் சீயக்காய்த் தூளும் போட்டு மூன்று முறை குலுக்கினார்கள். துளை போட இரண்டு அங்குல ஆணியைக் குறடால் பிடித்து மெழுகுவர்த்தியில் காய்ச்சினோம். இந்த ஒரு வேலையை மட்டும் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், பெரிய பிள்ளைகளை மட்டும் செய்யவிட்டேன். துளை கேனின் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கத்தில், மேலிருந்து நான்கு விரல்கடை கீழே. அதற்கு மேல் தண்ணீர் நிரப்பினால் மிதிக்காமலே ஒழுகும். ஆகவே 5 லிட்டர் கேனில் நான்கு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும்.

மூடியை இறுக்கி மூடித் தொங்கவிட்டு மிதித்துப் பார்த்தோம். தண்ணீர் விக்கி விக்கி வந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றேவிட்டது. துளையில் அடைப்பு என்று மல்லிகை அணி ஆணியை மறுபடி காய்ச்சப் போனார்கள். எனக்குக் காரணம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது, அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஒரு பெண் சந்தேகப்பட்டு மூடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். சர்ரென்று தண்ணீர் வந்தது. திருப்பி இறுக்கினாள், நின்றது. மறுபடி தளர்த்தினாள். மளிகைக் கடை வைத்திருப்பவர் மகள் சட்டென்று சொன்னாள்: "எங்கப்பா எண்ணெய் டின்னுல ரெண்டு ஓட்டை போடுவாரு. ஒண்ணு எண்ணெய்க்கு, ஒண்ணு காத்துக்கு." மூடியில் ஊசியைக் காய்ச்சி ஒரு சின்ன ஓட்டை. தீர்ந்தது. எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் காற்றழுத்தம் நானே நடத்தியிருக்கிறேன். அன்றைக்குப் புரிந்த மாதிரி வகுப்பில் ஒருநாளும் புரிந்ததில்லை.

சட்டம் கட்டுவது தாமரை அணியின் பொறுப்பு. அந்த அணித் தலைவி பத்தாம் வகுப்பு, எதையும் சுத்தமாகச் செய்கிற பெண், முடிச்சு எல்லாம் தண்ணிபட்ட பாடு. அவள் முழுச் சட்டத்தையும் ஒரே ஆளாகக் கட்டினாள். மற்ற ஆறு பேரும் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பார்க்க அழகாக இருந்தது. நான் பாராட்டிவிட்டேன்.

அந்தப் பாராட்டுதான் பிழை. அந்தச் சட்டம்தான் முதல் மழையில் படுத்தது.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் தாமரைத் தலைவி அங்கே போய் அழுதிருக்கிறாள். சனிக்கிழமை வரை யாரிடமும் பேசவில்லை. நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், "யாரையாவது கேட்டியா?" இல்லை என்று தலையசைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை விழுந்த சட்டத்தைச் சுற்றி எல்லா அணியும் உட்கார்ந்தோம். யார் தவறு என்ற பேச்சு வேண்டாம், எது தவறு என்று கண்டுபிடியுங்கள் என்று மட்டும் சொன்னேன். குழி ஆழம் போதவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. குறுக்குக் கம்பு ஏன் கழன்றது என்பதுதான் பிடிபடவில்லை. நைலான் கயிறு, வழவழப்பான சவுக்கு, அதனால் வழுக்கியிருக்கும் என்றார்கள். அது பாதிக் காரணம்.

மீதியை அவிழ்த்தது தாமரை அணியிலேயே கடைசியில் உட்காரும் ஏழாம் வகுப்புப் பெண். அதிகம் பேசாதவள். அவளுடைய அப்பா பந்தல் போடுகிறவர். கல்யாண சீசனில் அவளும் அம்மாவும் கூடப் போவார்கள். அவள் கிடந்த கம்பு இரண்டையும் எடுத்துக் குறுக்காக வைத்தாள். "அக்கா, நடுக்கட்டு போடலையே" என்றாள் தலைவியிடம். சொல்லிவிட்டு உடனே என் முகத்தைப் பார்த்தாள், பெரியவர்களைத் திருத்திவிட்டோமோ என்று.

தலைவி கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். "நீ போட்டுக் காட்டு."

தேங்காய் நார்க் கயிறு எடுத்துவரச் சொன்னாள். நெட்டுக் கம்பில், குறுக்குக் கம்புக்குச் சற்றுக் கீழே, முதல் முடிச்சு. நாங்கள் கிளோவ் ஹிட்ச் என்போம், அவள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது, வெறும் கட்டுதான். பிறகு குறுக்குக் கம்புக்கு முன்னால், நெட்டுக் கம்புக்குப் பின்னால், மறுபடி குறுக்குக் கம்புக்கு முன்னால் என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குப் பக்கத்திலேயே படிந்து உட்கார்ந்தது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கால் பெருவிரலில் கயிற்றைச் சுற்றி இழுத்தாள். இது வரை தலைவியும் செய்திருந்தாள். இதற்கு அப்புறம் அந்தப் பெண் இரண்டு கம்புக்கும் நடுவே கயிற்றை நுழைத்து, போட்ட சுற்றுகளையே சுற்றி இறுக்கினாள். கயிற்றுக்குக் கயிறு போடுகிற கட்டு. இரண்டு சுற்று. இழுக்க இழுக்க முன்னால் போட்ட மூன்று சுற்றும் இடுப்பு சுருங்குகிற மாதிரி உள்ளே வாங்கி, கம்புகள் கிறீச்சென்று கத்தின. கடைசியில் குறுக்குக் கம்பில் ஒரு முடிச்சுப் போட்டு முடித்தாள்.

சாரணியர் கையேட்டில் இதற்கு ஸ்கொயர் லாஷிங் என்று பெயர். நடுக்கட்டை ஃபிராப்பிங் என்பார்கள். அதைப் போடாவிட்டால் கட்டு பார்க்க அழகாக இருக்கும், ஆட்டினால் ஆடும். தலைவி கயிறு போதாமல் அதை விட்டிருந்தாள். யாரையும் கேட்கவும் இல்லை. இப்போது குறுக்குக் கம்பில் இரண்டு பிள்ளைகள் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

தலைவி அந்தக் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்துவிட்டு, "இன்னொரு தடவை, மெதுவா" என்றாள். பத்தாம் வகுப்புப் பெண் ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். மற்ற கட்டை அவள் தானே போடவில்லை. அணியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைப் போடவைத்தாள். அவர்கள் மூன்று முறை தப்பாகப் போட்டார்கள். அவள் கை பரபரத்தது, எனக்குத் தெரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முன்பு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இந்த முறை இரண்டு சனிக்கிழமை ஆயிற்று.

அந்த இரண்டாவது சனிக்கிழமை முடிவில், வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொன்னேன். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைப்பே இல்லாமல் ஒரு பெண்கள் கூட்டம் வந்து நின்றது. நாங்களும் சாரணர்கள்தான் என்றார்கள். யாரும் அவர்களைச் சேர்க்கவில்லை, அவர்களாகவே அணி அமைத்துக்கொண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள். அடுத்த வருஷமே பெண்களுக்கென்று கைடு என்ற சாரணியர் இயக்கம் தொடங்கியது, சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை முன்நின்று நடத்தினார். 1911இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் கம்பெனி வந்தது. இந்தக் கதையைப் பல வருஷமாகச் சொல்கிறேன். இந்த முறை செம்பருத்தி அணியில் ஒருத்தி கேட்டாள்: "அவங்களுக்கு யாரு டீச்சர் சொல்லிக் குடுத்தது?" தங்களுக்குள்ளேதான் என்றேன். பந்தல்காரர் மகளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தாவணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது முறை நட்டபோது குழி ஒரு முழ ஆழம், ஒன்றரை அடி. ஆறடிக் கம்பில் நாலரை அடி வெளியே நின்றது. கம்புக்கும் கம்புக்கும் இடையே இரண்டடி. குழியில் மண்ணை மட்டும் போட்டு மூடவில்லை. செங்கல் துண்டுகளை ஆப்பு மாதிரி இறக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் கடப்பாரையின் தலைப்பக்கத்தால் கெட்டித்தார்கள். வாட்ச்மேன் தாத்தா வந்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது மாட்டையே கட்டலாம்" என்றார்.

கீழே விழும் தண்ணீருக்கு ஒரு தனி வேலை இருந்தது. மழைக்காலம், டெங்கு பயம். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கின கொஞ்சம் தண்ணீர் போதும், முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். தும்பை அணி கேனுக்கு நேர் கீழே இரண்டடிச் சதுரத்துக்குக் குழி எடுத்து, அடியில் செங்கல் ஜல்லி, மேலே கூழாங்கல் நிரப்பினார்கள். களிமண் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்காது. ஆகவே குழியிலிருந்து ஒரு வாய்க்கால் கீறி, அதன் ஓரத்தில் கல்வாழை நட்டார்கள். ஈரத்தில் அது தழைத்து வருகிறது. எனக்குத் தோன்றாத யோசனை இது. ஒரு பிள்ளையின் பாட்டி வீட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

சோப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அதில்தான் அதிக நாள் போயிற்று. தட்டில் வைத்தோம், காகம் தூக்கிப் போயிற்று. கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டோம், மழையில் கரைந்து ஒழுகியது. கடைசியில் எலுமிச்சம்பழம் போட்டு விற்கிற வலைப்பையில் சோப்பை இட்டுக் கட்டி, அதன் மேல் பாதிக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துக் கூரையாக்கினார்கள். கொட்டாங்குச்சியின் கண் வழியாகவே கயிறு போகிறது. வலையில் தேய்த்தால் நுரையும் நன்றாக வருகிறது. இதைக் கண்டுபிடித்தவள் யார் என்று நான்கு அணியும் இன்னும் சண்டை போடுகின்றன.

15ஆம் தேதி வந்தது, போயிற்று. அன்றைக்குக் குழாய் பாதிதான் நின்றது. படம் எடுக்கவில்லை. தீபாவளி விடுமுறை கழித்துத்தான் முடிந்தது.

முடிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. தண்ணீர் யார் நிரப்புவது? முதல் வாரம் எல்லோரும் போட்டி போட்டு நிரப்பினார்கள். இரண்டாவது வாரம் கேன் காலி. மூன்றாவது வாரம் பார்த்தால் தும்பைத் தலைவி தினமும் தனியாகக் குடம் சுமக்கிறாள். முதல் முறை தாமரையில் நடந்தது இங்கே வேறு வடிவத்தில் நடந்தது. நான் ஒன்றும் சொல்லுமுன் தாமரைத் தலைவியே சபையைக் கூட்டினாள். "நீ தூக்கினா மத்தவங்க தூக்க மாட்டாங்க. நான் பட்டதாலதான் சொல்றேன்" என்றாள். அட்டவணை போட்டார்கள், வாரம் ஓர் அணி. அட்டவணையில் தலைவிகள் பெயர் தண்ணீர் சுமக்கும் கட்டத்தில் இல்லை என்று நான் கவலைப்பட்டேன். கேட்டேன். அவர்கள் பெயர் கழிப்பறை கழுவும் கட்டத்தில் இருந்தது.

எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று மல்லிகை அணி ஒருநாள் எண்ணிப் பார்த்தது. ஒரு தடவை நிரப்பினால் 40க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கழுவிவிட்டுப் போகிறார்கள். சாப்பாட்டு வரிசைக் குழாயில் ஒரு பிள்ளை சோப்புத் தேய்க்கும் 20 விநாடியும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே வாளி வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் கழுவுவதற்குள் வாளியில் கால்பாகம் நிறைந்துவிட்டது. அந்தக் கணக்கைச் சார்ட்டில் எழுதிக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துப்பிழை இரண்டு இருக்கிறது. திருத்தவில்லை, அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பராமரிப்பில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கேன் கழுத்திலிருந்து மிதிகுச்சிக்குப் போகும் கயிறுதான் முதலில் அறும், ஏனென்றால் நாள் முழுக்க அது ஒரே இடத்தில் உராய்கிறது. அங்கே மட்டும் நைலான் போடுங்கள். சட்டத்துக்கு நார்க் கயிறு. கட்டுகளை மாதம் ஒருமுறை ஆட்டிப் பார்த்து, தளர்ந்திருந்தால் அவிழ்த்து நடுக்கட்டை மறுபடி போட வேண்டும். வாரம் ஒருமுறை கேனைக் காலி செய்து உள்ளே தேய்க்க வேண்டும், பாசி பிடிக்கும். மிதிகுச்சி தரையிலிருந்து அரைச் சாண் மேலே இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும், பெரிய பிள்ளைக்கும் தடுக்காது.

ஏழாம் வகுப்பில் வராமல் இருந்தவர்களில் ஒருத்தி இப்போது அந்த நாட்களிலும் வருகிறாள். இன்னொருத்தி வருவதில்லை, அவள் வீட்டுக் காரணம் வேறு. தும்பைத் தலைவி அவள் வீட்டுக்கு இரண்டு முறை போய்விட்டு வந்திருக்கிறாள், நான் சொல்லி அனுப்பவில்லை.

போன வாரம் பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் இதே மாதிரி ஒன்று கேட்டார்கள். வேலையை யாரிடம் கொடுப்பது என்று சபையில் பேச்சு வந்தபோது, பந்தல்காரர் மகள் தலைமையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் என்று தாமரைத் தலைவி சொன்னாள். நேற்று மாலை அந்த ஐந்து பேரும் நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனார்கள். மூன்று வயதுக் குழந்தை ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, கை நீட்டச் சொல்லி, கை எட்டும் உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார்கள். கேன் ஒன்றேமுக்கால் அடியில் தொங்க வேண்டுமாம். 5 லிட்டர் கேன் குழந்தைக் காலுக்குக் கனம், 2 லிட்டர் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கம்பு இந்தச் சனிக்கிழமை வருகிறது.